முதலில் வரும் பாட்டு

அலுவலகத்தில் அவனுக்குப் பட்டன் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பட்டனுக்காக முதலாளியோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றவனை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்.

அவர்கள் செய்தது தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப்பெட்டி. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, உலகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை என்று தலையாட்டலாம். அதற்குத் திரை கிடையாது. திரை வைத்தால் பேட்டரியைத் தின்றுவிடும் என்று முதலாளி சொல்லிவிட்டார். சரி, பட்டன்களாவது நாலைந்து இருக்கட்டுமே என்று மற்றவர்கள் கெஞ்சியபோது, ஒன்று போதும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் இவன். ஒரு முறை அமுக்கினால் பாடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். படபடவென்று இரண்டு முறை தட்டினால் அடுத்த பாட்டு. அமுக்கியபடியே பிடித்துக்கொண்டிருந்தால் அணைந்துவிடும். ஒலியைக் கூட்டிக் குறைக்க ஓரத்தில் ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. அது சக்கரம்தானே, பட்டன் கணக்கில் வராது என்று வாதாடி ஜெயித்தான். கட்டைவிரல் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கட்டும் என்று பட்டனின் நடுவில் ஒரு குழி வைத்தான். ஒயர் செருகும் துளையை அடிப்பக்கத்தில் வைத்தான். ஒயரைப் பிடித்துப் பையிலிருந்து இழுத்தால் பெட்டி தலைகீழாக மேலே வரும், கையில் விழும்போது நேராக உட்கார்ந்துகொள்ளும். இதையெல்லாம் யாரும் கவனிக்க மாட்டார்கள். கவனிக்காமல் இருப்பதுதான் தன் வெற்றி என்று அவனே சொல்லிக்கொள்வான், நாம் கேட்காவிட்டாலும்.

அவனுக்கு ஒரு கொள்கை இருந்தது. இயந்திரம் மனிதனைக் கேள்வி கேட்கக் கூடாது. 'நிச்சயமாகவா?' என்று கேட்கும் சாதனங்களைக் கண்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தன் ஒரு காரியத்தைச் செய்கிறான் என்றால் தெரிந்துதான் செய்கிறான், நடுவில் நீ யார் மூக்கை நுழைக்க என்பான். அவன் கை பட்ட எதுவும் 'நிச்சயமாகவா?' என்று கேட்டதில்லை.

ஆனால் முதல் மாதிரியில் ஒரு தொல்லை இருந்தது. பட்டனை அமுக்கியதும் பெட்டி பாட்டுகளையெல்லாம் ஒருமுறை மேய்ந்துவிட்டுத்தான் பாட ஆரம்பித்தது. அதுவரை சத்தமே இல்லை. வாங்கிப் பார்த்தவர்கள் செத்துவிட்டது என்று நினைத்து மறுபடி அமுக்கினார்கள், அது நின்றுபோனது. இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தான் பட்டன். பெட்டியை அணைக்கும்போதே, மறுநாள் முதலில் பாட வேண்டிய பாட்டை அது தேர்ந்தெடுத்துத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும். அமுக்கிய கணத்தில் அதைப் பாடத் தொடங்கிவிட்டு, மற்றவற்றைப் பின்னால் மேய்ந்துகொள்ளும். எதைத் தேர்ந்தெடுப்பது? பெட்டிக்குச் சொந்தக்காரர் ஒருபோதும் தட்டித் தள்ளாமல் முழுக்கக் கேட்ட பாட்டுகளில் ஒன்றை. அவ்வளவுதான் விஷயம். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். காலையில் எழுந்து அமுக்கினால் என் மனசில் ஓடிக்கொண்டிருந்த பாட்டே வருகிறது என்றார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. 'உங்கள் மனம் அறிந்த முதல் பாட்டு' என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார். அது மனம் அறிவதில்லை, முந்தின நாள் மிச்சத்தைத்தான் பரிமாறுகிறது என்று சொல்லியிருக்கலாம். பாராட்டு கிடைக்கிற இடத்தில் யார் வாயைத் திறப்பார்கள்.

முதலில் தயாரான பெட்டிகளில் ஒன்றை அவன் அக்காவுக்குக் கொடுத்தான்.

அக்கா ஒரு சிறிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள். ஏன் ஆகவில்லை என்று கேட்டால் காரணங்கள் வரிசையில் நிற்கும்: தம்பி படிப்பு, அம்மாவின் கடைசிக் காலம், இப்போது அப்பா. அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து முன்னறைக் கட்டிலில் கிடந்தார். பேச்சு குழறும். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அக்காதான். பட்டன் தன் பங்குக்கு அப்பாவின் நல்ல கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு அழைப்பு மணி பொருத்திக் கொடுத்திருந்தான். அருமையான மணி, விரல் பட்டாலே அடிக்கும். அடிக்கும் சத்தம் கேட்பது சமையலறையில். அவன் அறையில் இல்லை. இதை அவன் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமலே கை அந்தச் சுவரைத் தேடிப் போய் ஆணி அடித்தது.

அக்கா யாரையும் எளிதில் நம்பாதவள். டாக்டர் சொன்னாலும் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துத் தானும் ஒருமுறை பார்ப்பாள். அப்படிப்பட்டவள் இந்தப் பெட்டியோடு ஒரு விளையாட்டு ஆரம்பித்தாள். காலையில் அமுக்குவாள். வேகமான பாட்டு வந்தால் பஸ், மெதுவான பாட்டு வந்தால் நடை. அப்புறம் அது வளர்ந்தது. நீலப் புடவையா பச்சையா, லீவு போடலாமா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் பெட்டியிடம் கேள்வி. "இன்னிக்கு உன் பெட்டி நடக்கச் சொல்லிடுச்சுடா" என்று சிரித்துக்கொண்டே கிளம்புவாள். பட்டனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். அது நேற்றைய உன் சொந்தப் பிடித்தம்தான் அக்கா என்று சொல்ல வாய் வரை வரும். அப்படியே மென்று விழுங்கிவிடுவான்.

சாப்பாட்டு மேசையில் வேலையைப் பற்றி மட்டும் ஓயாமல் பேசுவான். இன்று சோதனைக்காக இப்படிச் செய்தோம், கேபிளைச் செருகி அப்படி மாற்றினோம் என்று சோறு ஆறிப்போகும் வரை பேசுவான். அவன் மனைவி பாதியில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வங்கியில் நாள் முழுக்க அடுத்தவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருகிறவள். அக்கா மட்டும் "ம்... ம்..." என்று கொட்டிக்கொண்டு ரசத்தை ஊற்றுவதா மோரை ஊற்றுவதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டில் மூக்குக்கண்ணாடிக்காரர் வந்து சேர்ந்தார்.

மருத்துவமனைக்கு எதிரில் கடை வைத்திருந்தவர். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது. ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டைப் பிசகிக்கொண்டு எக்ஸ்ரே எடுக்க வந்தார். கை சரியான பிறகும் வந்தார். அக்காவின் கண்ணாடிச் சட்டம் தளர்ந்திருக்கிறது என்று சொல்லித் திருகிக் கொடுத்தார். எத்தனை தடவைதான் ஒரு சட்டம் தளரும்? ஊரே பார்த்துச் சிரித்தது, அக்காவும் சிரித்தாள். இப்போது அவர் கடையை மூடிவிட்டு, தூரத்தில் ஒரு கடற்கரை ஊரில் புதுக் கடை போடுகிறார். போவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை கேட்டார், கூட வருகிறீர்களா என்று.

அக்கா இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். அன்று பட்டன் வேலையைப் பற்றிப் பேசவில்லை.

"நீ என்னடா சொல்ற?" என்று கேட்டாள் அக்கா.

"நான் என்னக்கா சொல்றது. உன் இஷ்டம். நீ சந்தோஷமா இருந்தா எங்களுக்கும் சந்தோஷம்தான்."

அக்கா "சரி" என்று சொல்லிவிட்டு அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள்.

பாத்திரம் கழுவும்போது மனைவிதான் பேச்சை எடுத்தாள். "போகட்டுங்க. பாவம், இத்தனை நாள் நமக்காக இருந்தாச்சு. மாமாவ நாம பாத்துக்கலாம். பகல்ல ஒரு ஆள் வெச்சுக்கலாம். ராத்திரிக்கு நீங்க ஒரு நாள், நான் ஒரு நாள்."

"அப்பாவுக்கு வெளி ஆள் கை பட்டா பிடிக்காது."

"பழகிக்குவாரு. நமக்குத்தான் பழகணும்."

"அதில்ல. ரெண்டாவது மாடல் வேற தலைமேல நிக்குது. திரை வெச்ச மாடல். அது வெளிய வர்ற வரைக்கும்..." என்று இழுத்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவன் நல்லவன்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அப்பாவைப் புரட்டும் வேலை தன் கைக்கு வரப்போகிறது என்று நினைத்த மாத்திரத்தில் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அப்பாவின் அறையின் வாசனை, விடிந்ததும் கழற்ற வேண்டிய துணி, பாதி வாயில் வழியும் கஞ்சி. அதையெல்லாம் அக்கா செய்துகொண்டிருந்தவரை அவன் அப்பாமேல் நிறைய அன்பு வைத்திருந்தான்.

மறுநாள் காலை அவன் கிளம்பும்போது அக்கா பெட்டியைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். முந்தின நாள் அவளே அணைத்து வைத்தது.

"பேட்டரி சீக்கிரம் எறங்கிடுது. ஆபீஸ்ல என்னன்னு பாத்து எடுத்துட்டு வா."

"சாயந்தரம் தரேன்க்கா."

"நீயே பாரு, வேற யார்கிட்டயும் குடுக்காத. நாளைக்குக் காலையில அதுகிட்டதான் கேக்கப் போறேன். ஆம்பளக் குரல் வந்தா போறேன். பொம்பளக் குரல் வந்தா இங்கயே இருக்கறேன்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "என்னக்கா, இதுலயா விளையாடுவாங்க?"

"விளையாடல. அமுக்கற வரைக்கும் அணைச்சே இருக்கட்டும்டா" என்றாள் அக்கா அவனைப் பார்த்து.

அலுவலகத்தில் அவன் மேசை ஜன்னலோரம். ஈயப் பற்று வைக்கும் வாடை எப்போதும் இருக்கும். பக்கத்து மேசையில் ஒரு இரும்பு விரல் புது மாடலின் பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தது. எத்தனை அமுக்கலுக்கு அப்புறம் பட்டன் தளரும் என்று பார்க்கும் சோதனை. டக், டக், டக். பட்டன் அக்காவின் பெட்டியைப் பிரித்துப் பேட்டரியைச் சோதித்தான். குண்டுக்கல் மாதிரி இருந்தது, ஒரு கோளாறும் இல்லை. சார்ஜ் ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு மூடினான்.

மூடியவன் அத்தோடு விட்டிருக்கலாம். சும்மா பார்ப்போம், மாற்றவா போகிறோம் என்று கேபிளைச் செருகினான். சோதனைக்காக அவனே எழுதிய நிரல் திறந்துகொண்டது. நாளைக்காகப் பெட்டி எடுத்து வைத்திருந்த பாட்டு எதுவென்று மேல் வரியிலேயே தெரிந்தது.

ஆண் குரல். கணீரென்ற குரல்காரர் ஒருவர் ஊரைவிட்டுப் புறப்படுவதைப் பற்றிப் பாடும் பழைய பாட்டு.

அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். அக்கா போகப் போகிறாள். பெட்டி சொல்லிவிட்டது, பெட்டி சொன்னால் கேட்பாள். பிறகு அவன் யோசித்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இப்போது மட்டும் வேண்டாம், இரண்டாவது மாடல் வெளியே வரட்டும், அதற்குப் பிறகு நானே முன்னின்று அனுப்பி வைக்கிறேன் என்று நினைத்தான். அந்த மனிதர் உண்மையானவராக இருந்தால் காத்திருக்க மாட்டாரா என்றுகூட நினைத்தான். கடைசியில் அவரையே சோதிக்கிற நீதிபதியாகிவிட்டான். நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் மூளை எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது பாருங்கள்.

பட்டியலில் கொஞ்சம் கீழே ஒரு பெண் குரல் பாட்டு இருந்தது. அக்காவுக்குப் பிடித்ததுதான், ஒருநாளும் தட்டித் தள்ளாதது. அதைத் தேர்ந்தெடுத்து மேல் வரியில் வைத்தான். நிரல் அவனை எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதானே அதை எழுதியிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக யாராவது 'நிச்சயமாகவா?' என்று கேட்டால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. இரும்பு விரல் டக் டக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தது. அவன் கேபிளைப் பிடுங்கினான்.

அடுத்த நாள் காலையில் அக்கா அப்பாவுக்கு முகம் துடைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெட்டியை எடுத்தாள். பட்டன் காபி டம்ளரோடு கதவருகில் நின்றான். தற்செயலாக நிற்பதுபோல நிற்க அவனுக்குத் தெரியவில்லை. அவள் கட்டைவிரல் அந்தக் குழியில் போய் உட்கார்ந்து அமுக்கியது.

பாட்டை அவள் கடைசிவரை கேட்டாள். நடுவில் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் காதிலிருந்து ஒயரை எடுத்து, பெட்டியைச் சுற்றி வைத்தாள்.

"பொம்பளக் குரல்" என்றாள்.

"அப்படியா" என்றான் பட்டன். "பெட்டிதானேக்கா, இதையெல்லாம் போய்..." என்று ஆரம்பித்தான்.

"காபி ஆறுது, குடி" என்றாள். பெட்டியை அலமாரி மேல் வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். அன்று மதியமே மூக்குக்கண்ணாடிக்காரருக்குப் பதில் சொல்லிவிட்டாள் என்று மனைவி மூலம் தெரிந்தது. அந்த வாரமே அவர் கடைப் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு குறையும் இல்லை. குறை இல்லாததுதான் அவனை அரித்தது. அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பான். ஒரு சொல் கடுமையாகச் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டாவது மனசை ஆற்றியிருப்பான். அவள் எப்போதும்போல் எழுந்தாள், கஞ்சி வைத்தாள், அவன் சட்டையைக்கூடச் சேர்த்து இஸ்திரி போட்டு வைத்தாள். அந்தச் சட்டையை மாட்டும்போதெல்லாம் உடம்பு கூசியது. பெட்டியை மட்டும் அவள் தொடவேயில்லை. பஸ்ஸா நடையா என்று யாரிடமும் கேட்காமல் வெறுங்காதோடு தெருவில் போனாள்.

பரிகாரமாக ஏதாவது செய்யலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் தானே புரட்டப் போனான். எந்தக் கையை முதலில் தூக்க வேண்டும் என்று தெரியாமல் விழுந்த கையைப் பிடித்து இழுத்துவிட்டான். அப்பா கத்தியது அடுத்த வீடு வரை கேட்டது. ஓடி வந்த அக்கா, "விடு, நான் பாத்துக்கறேன்" என்று ஒரு கையை அவர் தோளுக்கு அடியில் கொடுத்து அலுங்காமல் திருப்பினாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பட்டனுக்கு அந்த இடத்தில் நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதியை நினைத்து அன்று முழுக்க வெட்கப்பட்டான்.

இரண்டாவது மாடலுக்காக முதலாளி கூட்டம் போட்டார். திரையில் என்னென்ன தெரிய வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிது, பட்டியலில் கீழே போகச் சக்கரமா தடவலா என்று பேச்சு போனது. பட்டன் வாயே திறக்கவில்லை. அவன் வாய் திறக்காத கூட்டம் அதுவரை நடந்ததில்லை என்பதால் எல்லோரும் அவனை ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

"முதல் பாட்டு விஷயத்த இன்னும் பெருசா போடணும்" என்றார் முதலாளி. "பொட்டிய எடுத்தவுடனே திரையில, இன்று உங்கள் மனம் சொல்வதுன்னு வந்து, பாட்டுப் பேரு வரணும். எப்படி?"

"அத எடுத்துடலாம் சார்" என்றான் பட்டன்.

"எத?"

"முதல் பாட்ட. அது பொய் சார். அதுக்கு மனசெல்லாம் தெரியாது. முந்தின நாள் எடுத்து வெச்சதப் பாடுது. யாரு வேணா மாத்தலாம்."

"அது நமக்குத் தெரியும்பா. கேக்கறவங்களுக்கு எதுக்கு? காலையில ஒரு பாட்டு வருது, நாலு பேரு சந்தோஷப்படறாங்க. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

நியாயமான கேள்விதான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பட்டன் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். ஏதோ வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு கூட்டம் தொடர்ந்தது.

அவன் நேராக மருத்துவமனைக்குப் போனான். எதிரில் கண்ணாடிக் கடை இருந்த இடத்தில் யாரோ செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்ரே அறையின் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. வெளி பெஞ்சில் காலில் கட்டுப் போட்ட ஒருத்தர், இருமிக்கொண்டு ஒரு அம்மாள், கையைத் துண்டில் தொங்கவிட்ட ஒரு பெரியவர். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "மூச்ச நல்லா இழுங்க. புடிங்க. அசையாதீங்க. ம், விடலாம்."

விளக்கு அணைந்து ஒரு ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவர் பின்னால் எட்டிப் பார்த்த அக்கா இவனைக் கண்டதும் பதறினாள்.

"என்னடா, அப்பாவுக்கு ஏதாவதா?"

"இல்லக்கா."

"உனக்கா?"

"இல்ல. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். இயந்திரத்தை இயக்கும் தடுப்புக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். கனமான ஈய அங்கியைக் கழற்றாமலே நின்றாள். அவன் சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கைப் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அன்னிக்கு வந்த பாட்டு... அது தானா வரல. நான்தான் மாத்தி வெச்சேன்."

"தெரியும்" என்றாள் அக்கா.

இதற்கு அவன் தயாராக வரவில்லை. அழுவாள், அறைவாள், எப்படியும் கேட்பாள் என்று வழியெல்லாம் பதில்களைக் கோத்துக்கொண்டு வந்திருந்தான்.

"பேட்டரில என்னடா கோளாறு இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல."

"ஆமா. ஒண்ணும் இல்ல." அங்கியின் பட்டையைத் தளர்த்திக்கொண்டாள். "எத்தன வருஷமா சோறு திங்கும்போது பேசியிருக்க. அணைக்கும்போதே எடுத்து வெச்சுக்கும், கேபிளப் போட்டா எத வேணா வைக்கலாம்னு. உன் பொண்டாட்டி எழுந்து போயிடுவா. நான்தான உக்காந்து கேட்டேன்."

"தெரிஞ்சுமா அதுகிட்ட போய்..."

"பஸ்ஸா நடையான்னு கேக்க அது போதும். என் வாழ்க்கைய ஒரு பாட்டுப்பொட்டிகிட்ட எதுக்குடா கேக்கறேன்? உன்கிட்டதான் கேட்டேன்." குரலை உயர்த்தாமலே சொன்னாள், வெளியே ஆட்கள் இருந்தார்கள். "நேரா கேட்டப்போ உன் இஷ்டம்னு சொன்ன, எவனோ மைக்க புடிச்சுப் பேசற மாதிரி. இன்னொரு தடவ கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்ப. நல்லவன்னு பேரு வாங்கினவனாச்சே. அதான், யாரும் பாக்காத எடத்துல மனசுல உள்ளத சொல்லட்டும்னு கையில குடுத்து அனுப்பினேன். சொல்லிட்ட."

பட்டன் இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி உண்மை சொன்னவனுக்கு மீதியும் தொண்டையில் நிற்கும்.

"அதுல மொதல்ல ஆம்பளக் குரல்தான்க்கா இருந்துச்சு."

அது அவளுக்குத் தெரியாது. முகம் அப்போதுதான் மாறியது. திரும்பி, ஒளிப்பெட்டியில் மாட்டியிருந்த யாருடைய விலா எலும்புகளையோ பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"உள்ள என்ன இருக்குன்னு பாக்காமலே, பயத்துல ஒரு பொம்பளக் குரல வெச்சிருப்பன்னுதான் நெனச்சிருந்தேன்" என்றாள் மெதுவாக. "தானாவே 'போ'ன்னு இருந்துச்சா. அப்போ நீ எனக்காக ஒண்ணுமே பண்ணியிருக்க வேண்டாம்டா. சும்மா இருந்திருந்தா போதும்."

"நான் அவர்கிட்ட பேசறேன்க்கா. இன்னிக்கே பேசறேன். நீ போ. அப்பாவ நான் பாத்துக்கறேன், சத்தியமா."

"இப்ப வாயால சொல்ற."

வெளியே அந்த அம்மாள் இருமினாள். அக்கா அங்கியின் பட்டையை மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"அவரு ஒரு தடவதான் கேட்டாரு. நான் ஒரு தடவதான் சொன்னேன். ரெண்டு பேருக்கும் திரும்பப் பேசற வயசில்ல."

"என்ன காரணம் சொன்னக்கா?"

"தம்பிக்கு இஷ்டமில்லன்னு சொன்னேன். உள்ளதச் சொல்லணும்ல." விளக்கின் சுவிட்சில் கை வைத்தாள். "அவரு நம்பல. உங்க தம்பியப் பத்தி நீங்க சொன்னதெல்லாம் வெச்சுப் பாத்தா அப்படி இருக்காதே, எனக்காகத் தம்பி மேல பழி போடாதீங்கன்னாரு. நம்ப வைக்க ரொம்பப் பாடுபட்டேன்டா."

அவள் மேசையிலிருந்து அடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"வெளிய போறப்போ அந்தப் பெரியவர வரச் சொல்லு. கைய ரொம்ப நேரமா தொங்கவிட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு."

அவன் கதவைத் திறந்தான். பெரியவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே வலிக்கும்படி ஏதாவது செய்வார்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, அவருடைய நல்ல கையைப் பிடித்து எழுப்பிவிட்டான்.